அளவு ரவிக்கை

சென்ற வருஷம் என்னுடைய தொடர்கதை ஒன்று வாராவாரம் வந்து கொண்டிருந்தபோது ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. "ஐயா, ஏழாவது அத்தியாயத்தின் முடிவில் உங்கள் கதாநாயகி அரக்குக் கலர் சேலை கட்டிக் கொண்டு கோயிலுக்குக் கிளம்புகிறாள். எட்டாவது அத்தியாயத்தின் ஆரம்பத்தில் கோயில் வாசலில் நிற்கிறாள். சேலை பச்சையாக இருக்கிறது. நடுவழியில் எங்கே உடுப்பு மாற்றிக் கொண்டாள் என்று தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்" என்று எழுதியிருந்தார்.

முதலில் சிரித்தேன். பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கதாபாத்திரங்களின் உள்ளத்தையே துருவிப் பார்ப்பவர்கள் நாங்கள் என்று மேடைகளில் பேசுகிறோம். கட்டியிருக்கும் சேலை கண்ணில் படவில்லை என்றால் உள்ளம் எங்கே படப்போகிறது?

கடிதத்தை எடுத்துக் கொண்டு அக்காவிடம் போனேன். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். முப்பது வருஷமாகத் தெருவிலுள்ள பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்துக் கொண்டே கடிதத்தைப் படித்தாள். ஊசிகளை எடுத்துத் துணியில் குத்திவிட்டுச் சொன்னாள்:

"பச்சை தப்புதான். ஆனா அரக்கும் தப்புடா."

"அது ஏன்?"

"அன்னைக்குக் காலையிலேதானே அவளுக்குப் பார்த்த வரன் தட்டிப் போச்சு? அவ பெட்டியைத் திறந்து கலர் பார்த்தா எடுப்பா? கொடியிலே கிடந்ததை உருவிச் சுத்திக்கிட்டுப் போயிருப்பா."

நான் பதில் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். மூன்று நாள் மண்டையை உடைத்துக் கொண்டு எழுதிய அத்தியாயத்தில் நான் சொல்லத் தவறியதை அவள் குண்டூசி எடுக்கும் நேரத்தில் சொல்லிவிட்டாள்.

அக்கா சொன்ன இந்த ஒரு விஷயத்தையே தொழிலாகக் கொண்டு 57 வருஷம் வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன். அந்த அம்மாளின் பெயர் ஈடித் ஹெட். ஹாலிவுட் படங்களில் நடிப்பவர்களுக்கு உடை அமைத்துக் கொடுத்தவர். நானூறுக்கு மேற்பட்ட படங்களில் அவர் பெயர் இருக்கிறது. ஆஸ்கார் பரிசுக்கு 35 தடவை அவருடைய வேலை முன்மொழியப்பட்டது. 8 தடவை பரிசு கிடைத்தது.

அந்தப் பெயரை நான் முதலில் கவனித்தது 1953-ல் வந்த 'ரோமன் ஹாலிடே' படத்தில். அதில் ஓர் இளவரசி அரண்மனைக் கட்டுப்பாடு சகிக்காமல் இரவோடு இரவாக வெளியே ஓடிவிடுகிறாள். மறுநாள் முழுவதும் ரோமாபுரித் தெருக்களில் ஒரே வெள்ளைச் சட்டையும் ஒரே பாவாடையுமாகத் திரிகிறாள். மூன்றாவது தடவை படத்தைப் பார்க்கும்போதுதான் ஒன்று புலப்பட்டது. காலையில் அந்தச் சட்டையின் கை நீளமாக இருக்கிறது. கழுத்து வரையில் பொத்தான் போட்டிருக்கிறது. பொழுது ஏற ஏறக் கை மடிக்கப்பட்டு மேலே போகிறது. கழுத்துப் பொத்தான் திறந்து கொள்கிறது. ஒரு சின்னக் கைக்குட்டை கழுத்தில் வந்து உட்காருகிறது. இளவரசி சாதாரணப் பெண்ணாக மாறுவதை யாரும் வசனத்தில் சொல்லவில்லை. சட்டையின் கை சொல்லிவிட்டது. இந்தக் காரியத்தைச் செய்தது யார் என்று தேடப் போய்த்தான் ஈடித் ஹெட்டின் கதை எனக்குக் கிடைத்தது.

அவர் பிறந்தது 1897-ல், கலிபோர்னியாவிலுள்ள சான் பெர்னார்டினோ என்ற ஊரில். மாற்றாந்தகப்பனாருக்குச் சுரங்க உத்தியோகம். அதனால் பெண்ணின் சிறு பிராயம் நெவாடாப் பாலைவனத்தில் ஸர்ச்லைட் போன்ற சுரங்க ஊர்களில் கழிந்தது. பட்டும் சரிகையும் கண்ணில் படக்கூடிய இடமல்ல. பிறகு நன்றாகப் படித்தார். பெர்க்லி சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, 1920-ல் ஸ்டான்போர்டில் எம்.ஏ. முடித்துப் பிரெஞ்சு மொழி வாத்தியாரம்மாவாக வேலைக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடமும் நடத்த வேண்டியிருந்தது. தனக்குச் சித்திரமும் வரும் என்று சொல்லி அதையும் ஏற்றுக் கொண்டார். வந்தால்தானே? மாலை நேரங்களில் சித்திரக் கலாசாலைக்குப் போய்க் கற்றுக் கொண்டு, கற்றதைப் பகலில் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பாடம் முன்னால் இருந்தால் போதும் என்பது வாத்தியார்களுக்கெல்லாம் தெரிந்த ரகசியம்.

1924-ம் வருஷத்துச் சமாசாரம் இது. பாரமவுண்ட் ஸ்டூடியோவில் உடைகளுக்குப் படம் வரைய ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. இந்த அம்மாளுக்கு மனித உருவம் சரியாக வரையத் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? கூடப் படித்தவர்களிடமிருந்து நல்ல படங்களாகப் பார்த்துக் கேட்டு வாங்கினார். எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி எடுத்துக் கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். அங்கே உடை இலாகாவின் தலைவர் ஹோவர்ட் க்ரீர். ஒரே கையால் இத்தனை விதமாக வரைய முடியுமா என்று அவர் அசந்து போய் உடனே வேலை கொடுத்துவிட்டார். வேலைக்கு வந்து காகிதத்தின் முன்னால் உட்கார்ந்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. க்ரீர் கோபித்துக் கொண்டு வெளியே அனுப்பவில்லை. வைத்துக் கொண்டு வரையக் கற்றுக் கொடுத்தார். இதைப் பிற்காலத்தில் ஈடித் ஹெட் ஒளிக்கவே இல்லை. தன் வாயாலேயே பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஆரம்பத்தில் கிடைத்த வேலைகளும் சிரிக்கத் தகுந்தவைதாம். 1925-ல் ஸெஸில் டிமில் எடுத்த 'தி கோல்டன் பெட்' என்ற படத்தில் ஒரு மிட்டாய் விருந்துக் காட்சி. நடனப் பெண்களின் உடையில் நிஜச் சாக்லேட்டையும் மிட்டாயையும் வைத்து அலங்கரித்தார். விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் சாக்லேட் உருகிற்று. ஆடியவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக் கொண்டார்கள். இப்படிப் பட்டுத்தான் தொழில் வந்தது. க்ரீருக்குப் பிறகு தலைமைக்கு வந்தவர் ட்ராவிஸ் பான்டன். பெரிய நக்ஷத்திரங்களுக்கெல்லாம் அவர் உடை அமைப்பார். குதிரை ஓட்டுகிற படம், கிழவி வேஷம், கூட்டத்தில் நிற்கும் பெண்கள் ஆகியவை ஈடித்தின் பங்கு. 1938-ல் பான்டன் போனபின் இலாகாவின் தலைமை இவருக்கு வந்தது. பெரிய ஸ்டூடியோக்களில் அந்த நாற்காலி அதுவரையில் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான்.

அந்த இலாகா எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் கதையைப் படித்து, எந்தக் காட்சிக்கு யாருக்கு என்ன உடை என்று பட்டியல் எழுதுவார்கள். பிறகு படம் வரைவார்கள். டைரக்டர், தயாரிப்பாளர், நடிகை எல்லோரும் பார்த்துச் சரி என்ற பிறகு துணி வெட்டப்படும். வெட்டுவதற்கு ஒருத்தர், அளவு பார்த்துப் பிடிப்பதற்கு ஒருத்தர், தைப்பதற்குப் பலர், மணி கோப்பதற்கும் பூவேலை செய்வதற்கும் தனி ஆட்கள். ஒவ்வொரு நடிகையின் உடல் அளவுக்கும் பஞ்சு வைத்த பொம்மை ஒன்று தயாராக நிற்கும். உடையைப் போட்டுப் பார்த்துக் காமிராவில் பரீட்சை செய்தபின்தான் படப்பிடிப்பு. இத்தனை கைகள் பட்டு வந்த உடை திரைக்கு வரும்போது ஒரே ஒரு பெயர்தான் எழுத்தில் வரும். அது இலாகாத் தலைவரின் பெயர். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களின் வழக்கம் அப்படி. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஈடித் ஹெட்டின் சாமர்த்தியம் அழகான துணியைக் கண்டுபிடிப்பதில் மட்டும் இருக்கவில்லை. எதிரே நிற்கும் பெண்ணின் குறை என்ன என்று ஒரு பார்வையில் தெரிந்து கொள்வார். தெரிந்து கொண்டதை அவளிடம் சொல்லமாட்டார். பார்பரா ஸ்டான்விக் என்ற நடிகைக்கு இடுப்பு நீளம்; பின்பக்கம் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். நாகரிக உடை இவருக்குப் பொருந்தாது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஈடித் ஹெட் இடுப்புப் பட்டியை முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் வெட்டினார். அவ்வளவுதான். 1941-ல் 'தி லேடி ஈவ்' படத்தில் ஸ்டான்விக் நாகரிகத்தின் உருவமாக வந்து நின்றார். பட்டியில் அரை அங்குலம் கூட்டியதற்கும் குறைத்ததற்கும் யார் கைதட்டப் போகிறார்கள்? கைதட்டாமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி.

அதைவிட நுட்பமான வேலை 1949-ல் வந்த 'தி ஏரஸ்' படத்தில். பணக்கார டாக்டரின் பெண். அழகில்லாதவள், கூச்சப்படுகிறவள் என்று தகப்பனே அவளை மதிப்பதில்லை. அந்த வேஷத்தில் நடித்த ஒலிவியா டி ஹாவிலண்ட் நல்ல அழகி. நீங்களும் நானும் என்ன செய்வோம்? அழுக்கு உடை, மட்டமான துணி என்று எழுதுவோம். பணக்கார வீட்டுப் பெண் மட்டமான துணி ஏன் உடுத்துகிறாள்? ஈடித் ஹெட் விலையுயர்ந்த துணியாகவே எடுத்தார். ஆனால் ஒவ்வோர் உடையும் எங்கேயோ ஓரிடத்தில் சரியாக உட்காராமல் இருக்கும்படி தைக்கச் செய்தார். பிற்பகுதியில் அவள் ஏமாற்றத்தைக் கடந்து கல் நெஞ்சக்காரியாக மாறிய பிறகு உடை உடலோடு பொருந்தி நிற்கிறது. நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுத் தப்பாகத் தைக்கச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அவருடைய முதல் ஆஸ்கார் அந்தப் படத்துக்குத்தான், கில் ஸ்டீல் என்பவரோடு சேர்ந்து கிடைத்தது.

அதற்கு முந்தின வருஷம் ஒரு பெரிய ஏமாற்றம். உடை அமைப்புக்கு ஆஸ்கார் கொடுப்பது என்று முதல் முதலாக ஏற்பட்டதே 1948-ம் வருஷத்துப் படங்களுக்குத்தான். 'தி எம்பரர் வால்ட்ஸ்' படத்துக்குப் பரிசு தனக்குத்தான் என்று இந்த அம்மாள் உறுதியாக நம்பிப் போய் உட்கார்ந்தார். 'ஜோன் ஆப் ஆர்க்' படத்துக்குப் போய்விட்டது. நாற்பது வயதுக்கு மேல் வருகிற இந்த மாதிரி ஏமாற்றம் ஒருவரை என்ன செய்யும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அடுத்த தடவை கையில் எது வந்தாலும் அதை இறுகப் பிடித்துக் கொள்ளச் சொல்லும்.

தோற்றத்தில் அவர் தன்னை மறைத்துக் கொண்டவர். நெற்றியில் கத்தரித்து விட்ட முடி, சாம்பல், பழுப்பு, கறுப்பு என்று கண்ணை உறுத்தாத நிறங்கள். நடிகை கண்ணாடியின் முன் நின்று தன்னைப் பார்க்கும்போது பின்னால் நிற்கிறவர் தெரியக் கூடாது என்பது அவர் கொள்கை. கருமையான வட்டக் கண்ணாடி எப்போதும் கண்ணில் இருக்கும். நீலம் பூசிய கண்ணாடி வழியாகப் பார்த்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு நிறம் எப்படி விழும் என்று தெரியுமாம். என் கதாநாயகியும் கறுப்பு வெள்ளைப் படத்தில் பிறந்திருந்தால் பிழைத்திருப்பாள். அரக்கும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்திருக்கும்!

டைரக்டர் சொல்லுக்குக் கட்டுப்படவும் தெரிந்தவர். ஆல்பிரட் ஹிட்ச்காக்கோடு 1946-ல் 'நொட்டோரியஸ்' தொடங்கிப் பதினொரு படங்களில் வேலை செய்தார். 1958-ல் வந்த 'வெர்டிகோ' படத்தை எடுக்கும்போது கிம் நோவாக் சாம்பல் நிற உடை மட்டும் வேண்டாம் என்றார். ஹிட்ச்காக் சாம்பல்தான் என்றார். சான்பிரான்சிஸ்கோவின் மூடுபனியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவள் போல அவள் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இறந்து போனவளாக நினைக்கும் ஒருத்தியின் அதே சாம்பல் உடையை இன்னொருத்திக்குப் போட்டுப் பார்க்கத் துடிக்கும் ஒருவனுடைய கதை அது. அந்த உடை இல்லை என்றால் கதையே இல்லை.

தவறு நேர்ந்தபோது பிறர் கை கொடுத்ததும் உண்டு. 1950-ல் 'ஆல் அபௌட் ஈவ்' படத்தில் பெட்டி டேவிஸுக்கு விருந்துக் காட்சியில் ஒரு பழுப்புப் பட்டு உடை. படப்பிடிப்பு நாளன்று போட்டுப் பார்த்தால் மேல்பாகம் பெரிதாகிக் கழுத்து தொளதொளவென்று நிற்கிறது. வெட்டியதில் எங்கோ பிசகு. டைரக்டரிடம் போய்ப் பழியை ஏற்றுக் கொள்ள ஈடித் ஹெட் கிளம்பிவிட்டார். பெட்டி டேவிஸ் அவரைத் தடுத்து நிறுத்தினார். உடையைத் தோள்களுக்குக் கீழே இழுத்து விட்டுக் கொண்டு, இப்படி நன்றாக இல்லையா என்று கேட்டார். அப்படியேதான் படமெடுத்தார்கள். உலகம் முழுவதும் ரசித்த உடை அது. அந்தப் படத்துக்கும் ஆஸ்கார், சார்லஸ் லெமேரோடு சேர்த்து. நடந்ததை ஈடித் ஹெட் மறைக்கவில்லை. பெட்டி டேவிஸின் சாமர்த்தியம் என்றே சொன்னார்.

இதுவரையில் எழுதியதை வைத்துக் கொண்டு பார்த்தால் அந்த அம்மாளைப் பற்றிக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் இருந்தது, 'ஸப்ரீனா' விவகாரத்துக்கு வரும் வரையில்.

'ரோமன் ஹாலிடே'யில் புகழ் பெற்ற ஆட்ரி ஹெப்பர்ன்தான் 1954-ல் வந்த அந்தப் படத்துக்கும் நாயகி. பணக்கார வீட்டுக் கார் டிரைவரின் பெண், பாரிஸுக்குப் போய்விட்டு வேறு ஆளாகத் திரும்பி வருகிறாள். அந்த மாற்றத்தை உடைதான் காட்ட வேண்டும். உடை நிஜமாகவே பாரிஸிலிருந்து வந்தால் நல்லது என்று தோன்றியது. 1953 கோடையில் ஹெப்பர்ன் பாரிஸுக்குப் போய் ஹியூபர்ட் டி ஜிவான்ஷியைச் சந்தித்தார். அவருக்கு அப்போது 26 வயது. சொந்தக் கடை திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஹெப்பர்ன் வருகிறார் என்றதும் பெரிய நடிகையான காதரின் ஹெப்பர்ன் என்று எண்ணிக் காத்திருந்தாராம். வந்து நின்றது யாரென்று தெரியாத ஒல்லிப் பெண். ஆனாலும் உடைகள் கொடுத்தார். பாரிஸிலிருந்து திரும்பிய ஸப்ரீனாவின் மேல் நாம் பார்ப்பது அவருடைய கற்பனை. முன்பகுதியில் டிரைவர் பெண்ணாக வரும்போது உடுத்தும் எளிய உடைகள் ஈடித் ஹெட்டினுடையவை. தோளில் முடிச்சுப் போட்ட கறுப்பு உடை ஒன்று யாருடையது என்பதில் மட்டும் பின்னால் நெடுங்காலம் வாதம் நடந்தது.

படத்தில் எழுத்துக்கள் ஓடியபோது உடை என்ற இடத்தில் ஈடித் ஹெட்டின் பெயர் மட்டும் இருந்தது. 1955 மார்ச்சில் ஆஸ்கார் கொடுத்தார்கள். மேடையேறி வாங்கிக் கொண்டார். ஜிவான்ஷியின் பெயரைச் சொல்லவில்லை.

ஸ்டூடியோவின் வழக்கம் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். இலாகாவில் ஊசி பிடித்த அத்தனை பேருடைய வேலையும் அவர் பெயரில்தானே வந்தது? முப்பது வருஷம் அதே வழக்கத்தில் வாழ்ந்தவருக்குப் பாரிஸ் இளைஞனும் இன்னொரு கையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் ஆட்ரி ஹெப்பர்ன் மறக்கவில்லை. 1957-ல் வந்த 'பன்னி பேஸ்' படத்தில் ஜிவான்ஷியின் பெயர் திரையில் வந்தது. அதற்கு ஆஸ்கார் முன்மொழிந்தபோது இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

இரவல் படங்களைக் கட்டி எடுத்துப் போனதை ஆயுள் முழுவதும் சொல்லிச் சிரித்தவருக்கு இந்த ஒரு பெயர் ஏன் வாயில் வரவில்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இளமையில் செய்த தப்பைச் சொல்லிச் சிரிக்கலாம். பிற்பாடு நாம் உழைத்துச் சம்பாதித்த பெயர் அதை மூடி விடுகிறது. பெயர் வந்த பிறகு செய்ததைச் சொல்ல முடியாது. சொன்னால் பெயரிலேயே ஒரு தையல் பிரியும். பிரிந்தால்தான் என்ன, ஏழு பரிசு அப்போதும் இருக்குமே என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். மேடையில் நிற்கிறவருக்குத் தோன்றாது.

அதற்குப் பிறகும் அவர் வேலையை விடவில்லை. 1967-ல் பாரமவுண்டை விட்டு யூனிவர்ஸல் ஸ்டூடியோவுக்குப் போனபோது வயது 69. 1973-ல் வந்த 'தி ஸ்டிங்' படத்துக்கு எட்டாவது ஆஸ்கார். பெண்களை அலங்கரித்தே பெயர் வாங்கியவருக்குக் கடைசிப் பரிசு இரண்டு ஆண்கள் நடித்த படத்துக்குக் கிடைத்தது! 1981 அக்டோபர் 24-ந் தேதி, 84 வயது நிறைய நான்கு நாள் இருக்கும்போது காலமானார்.

கடைசியாகச் செய்த படத்தை மறுவருஷம் அவருக்கே காணிக்கையாக்கி வெளியிட்டார்கள். வேடிக்கைப் படம் அது. 1940-களின் பழைய படங்களிலிருந்து துண்டு துண்டாகக் காட்சிகளை எடுத்து, புதிதாக எடுத்த காட்சிகளோடு ஒட்டியிருப்பார்கள். பழையதில் போட்டிருக்கும் சட்டையும் புதியதில் போட்டிருக்கும் சட்டையும் இம்மியும் பிசகக் கூடாது. அந்தப் பழைய துண்டுகளில் சில, அவரே இளமையில் உடை அமைத்த படங்களைச் சேர்ந்தவை. நாற்பது வருஷத்துக்கு முன் தான் தைக்கச் செய்ததைப் பார்த்து அதே மாதிரி மறுபடியும் தைக்கச் செய்தார். அரக்குச் சேலை பச்சையாக மாறாமல் பார்த்துக் கொள்வதே அவருடைய கடைசி உத்தியோகமாக இருந்தது.

'ஸப்ரீனா' விஷயத்தைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்காக அல்ல.

எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த நாவலை உங்களில் சிலர் படித்திருக்கலாம். வீட்டை விட்டுப் போன புருஷனுக்காக ஒருத்தி ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு சட்டை தைத்து வைக்கிறாள். பன்னிரண்டு வருஷம் கழித்து அவன் திரும்பி வருகிறான். பெட்டியிலிருக்கும் பன்னிரண்டு சட்டையில் ஒன்றுகூட அவனுக்குப் பொருந்தவில்லை. விமரிசகர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த அத்தியாயத்தைத்தான் பாராட்டினார்கள். பரிசளிப்பு விழாவில் சால்வை போர்த்தினார்கள். பதிப்பாளருக்கு, பத்திரிகை ஆசிரியருக்கு, படம் போட்ட சித்திரக்காரருக்கு, கையெழுத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்த பையனுக்கு என்று எல்லோருக்கும் நன்றி சொன்னேன். "அந்தச் சட்டையை எங்கே ஸார் பிடித்தீர்கள்?" என்று தலைவர் மைக்கில் கேட்டார். "எல்லாம் கற்பனைதான்" என்றேன். சபை கைதட்டிற்று. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவும் கைதட்டினாள்.

அந்தச் சட்டைகளைத் தைத்துக் கொடுத்தவள் அக்கா. வருஷா வருஷம் ஐப்பசி பிறந்ததும் ஒரு பெண் அவளிடம் வருவாள். பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொடுத்து, புதுத் துணியும் கொடுப்பாள். ஒரு மழை நாளில் மின்சாரம் போய் இருட்டாகக் கிடந்தபோது அக்கா இதை எனக்குச் சொன்னாள். கடைசிச் சட்டை வரைக்கும் அவள் சொன்னதுதான்.

மறுநாள் அக்காவிடம் போனேன். ஈடித் ஹெட்டின் கதை முழுவதையும் சொன்னேன். இரவல் படக் கட்டைப் பற்றிச் சொன்னபோது மெஷினை நிறுத்தாமலே சிரித்தாள்.

"அளவு ரவிக்கை இல்லாம யாருடா தைக்கிறா? இன்னொண்ணைப் பார்த்துத்தான் எல்லாரும் வெட்டணும். அதிலே தப்பில்லை."

பாரிஸ் கதையைச் சொன்னேன். மெஷின் நின்றது.

"தைச்சு முடிச்சதும் அளவு ரவிக்கையைத் திருப்பிக் கொடுத்துடணும்" என்றாள். "அதைப் பெட்டிக்குள்ளே வெச்சுக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, "நான் திருப்பிக் கொடுக்கலையே, அக்கா" என்றேன்.

எதை என்று அவள் கேட்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எனக்கு என்னத்துக்கடா? அது என்னோடதும் இல்லையே. அந்தப் பொண்ணோடது."

"அவளுக்குத் தெரியுமா?"

"புஸ்தகத்தை லைப்ரரியிலே எடுத்துப் படிச்சா. என்கிட்டே ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. 'உங்க தம்பி சட்டைக்கு இடது பக்கம் பை வெச்சு எழுதியிருக்கார். எங்க வீட்டுக்காரருக்குப் பை வெச்சாப் பிடிக்காது' அப்படின்னா."

மேற்கொண்டு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நாவலின் புதிய பதிப்பு அச்சாகிக் கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையை வெளியிடலாமா என்று அக்கா மூலம் அந்தப் பெண்ணைக் கேட்டனுப்பினேன். பெயர் வராமல் இருந்தால் சரி என்று பதில் வந்தது. ஆகையால் பெயர் இல்லை. அக்காவின் பெயரை மட்டும் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன். பதினான்காவது அத்தியாயத்தில் சட்டையிலிருந்த பையை எடுத்துவிட்டேன்.